முப்பது பூசணியும் ஒரு மௌன அஞ்சலியும்

நேர்முகத் தேர்வில் "தெரியாதுங்க" என்று சொல்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. எதிரே இருக்கும் பெண் கராத்தே தெரியும், பியானோ வாசிப்பேன், பிரெஞ்சு பேசுவேன் என்று அடுக்கிக்கொண்டே போகும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, பரிதாபம்தான் வருகிறது. நானும் ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், எங்கள் வீட்டில் ஹாலோவீன் கொண்டாடுவோம் என்று சொன்னவள்.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பள்ளியின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். தாளாளர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலில் சம்பாதித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர். "போர் போட்டாத் தண்ணி வரோணும், பள்ளிக்கூடம் நடத்துனா அட்மிசன் வரோணும்" என்பது அவருடைய கல்விக் கொள்கை. என் சான்றிதழ்களை அவர் பார்க்கவே இல்லை. பெயரை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"ரெஜினா. கிறிஸ்டினுங்களா மிஸ்?"

"ஆமாங்க சார். சேலம், அம்மாபேட்டை."

"அப்ப இந்த ஆலோவீன் எல்லாம் உங்க பண்டிகைதானுங்களே. சேலத்துல ஒரு பள்ளிக்கூடத்துல போன வருசம் பண்ணிப்போட்டாங்க. போட்டோவெல்லாம் பாத்தனுங்க. உங்க ஊட்டுல பண்ணுவீங்களா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பெண் உண்மையைச் சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் அக்டோபர் மாதக் கடைசியில் நடக்கும் ஒரே விசேஷம், நவம்பர் இரண்டாம் தேதி வரும் கல்லறைத் திருநாளுக்கு அப்பா சுண்ணாம்பு வாங்கி வருவது. அன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். புல் பிடுங்குவோம். சாமந்திப்பூ போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம், காற்று அணைக்கும், மறுபடி ஏற்றுவோம். இது தாத்தா கல்லறையா, பக்கத்தில் இருப்பது தாத்தா கல்லறையா என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வரும். (இன்னும் தீரவில்லை. இருவரும் ஆளுக்கொரு கல்லறைக்கு வெள்ளையடிக்கிறார்கள்.) ஹாலோவீன் என்ற சொல்லை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தேன்.

"வருஷா வருஷம் சார்," என்றேன். அதோடு நிறுத்தினேனா? "அம்மா பூசணியில் முகம் வெட்டுவாங்க. அக்கம்பக்கத்துக் குழந்தைங்க எல்லாம் பேய் வேஷத்தில் வீட்டுக்கு வந்து மிட்டாய் வாங்கிட்டுப் போவாங்க." என் அம்மா வீட்டு வாசலில் யாராவது பேய் வேஷத்தில் வந்து நின்றிருந்தால் துடைப்பம்தான் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

வேலை கிடைத்தது. மூன்று மாதம் தற்காலிகம், நவம்பரில் நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார் தாளாளர். பார்ப்பது எதை வைத்து என்பதையும் சொல்லிவிட்டார். "ஆலோவீன நீங்கதான் எடுத்து நடத்தறீங்க மிஸ்."

எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இன்னும் இரண்டு ஆசிரியைகளோடு தங்கியிருந்தேன். கொசுக்கடி, தண்ணீர்ப் பஞ்சம், சன்னலைத் திறந்தால் டீசல் புகை. ஆனாலும் அந்த அறைச் சாவி என் கைப்பையில் இருந்தது. வேலை போனால் சேலத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு மணி நேரம் பேட்டரியைப் பற்றியே பேசிவிட்டு, போகும்போது "தண்ணி மட்டும் பாத்து ஊத்துனா போதும், பத்து வருஷம் உழைக்கும்" என்றார். அவர் சொன்னது பேட்டரியையா என்னையா என்று தெரியாமல் பயந்துபோயிருந்தேன்.

தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஏற்பாட்டில் இறங்கினேன். பூசணிக்காய் வாங்கும் பொறுப்பை நல்லமுத்து அண்ணனிடம் கொடுத்தார்கள். அவர்தான் பள்ளிப் பேருந்துகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர். ஓட்டுநர், நடத்துநர், டயர், டீசல் எல்லாம் அவர் கையில்.

"அண்ணா, முப்பது பூசணிக்காய் வேணும்."

"முப்பதுங்களா? நம்மகிட்ட வண்டியே இருவத்திரெண்டுதானுங்களே மிஸ்."

வண்டிக்கும் பூசணிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடியாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "இது பெரிய நிகழ்ச்சிண்ணா. மேலே வட்டமா வெட்டி, உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு, வெளியே பயங்கரமா ஒரு மூஞ்சி..."

"தெரியுமுங்க மிஸ். வருசா வருசம் நாந்தானுங்களே பண்றேன். முழிய நல்லாப் பிதுக்கி, நாக்கத் தொங்கப்போட்டு வரைஞ்சு குடுத்தர்றேன். உள்ளார செகப்பு வெக்கோணுமுங்களா?"

உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பாக ஒளி வீசும் என்பதைத்தான் இந்த மனிதர் இவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஆமாண்ணா, நல்லா சிவப்பா இருக்கணும். பார்த்தாலே பயம் வரணும்."

"உட்டுருங்க, நாம் பாத்துக்கறேன்."

அன்று இரவு அறைத் தோழிகளிடம், இந்த ஊரை நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம், இங்கே பேருந்து மேற்பார்வையாளருக்குக்கூட மேல்நாட்டுப் பண்பாடு அத்துப்படி என்று சொன்னேன். அவர்களும் வியந்தார்கள். இரண்டு பேரும் தஞ்சாவூர்க்காரிகள்.

அக்டோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை. (பேய்க்கு வெள்ளிக்கிழமையா என்று முந்தின நாளே பதினைந்து அம்மாக்கள் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரப் பேய்க்கு வெள்ளிக்கிழமை கிடையாது என்று சமாளித்தேன்.) மதியம் அரங்கத்துக்குள் போனால், நீள மேசை மேல் வரிசையாக முப்பது காய்கள். அத்தனையும் வெள்ளை. சாம்பல் பூத்த, உருண்டு திரண்ட, புதுவீட்டு வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் அதே காய்கள். ஒவ்வொன்றிலும் முறுக்கு மீசையோடு ஓர் அரக்கன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கரைத்த குங்குமம் தளும்பியது. காம்புப் பக்கம் வெட்டிய மூடியின் மேல் ஒரு வெற்றிலை, வெற்றிலையின் மேல் ஒரு கற்பூரக் கட்டி.

"அண்ணா, என்னண்ணா இது? பூசணிக்காய் மஞ்சளா இல்ல இருக்கும்?"

நல்லமுத்து அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "மஞ்சளா இருக்கறது அரசாணிக்காயுங்க மிஸ். அது கொழம்புக்கு. இதுதானுங்க பூசணிக்காய். திருஷ்டிக்கு ஆராச்சும் அரசாணிக்காய ஒடைப்பாங்களா?"

எங்கள் வீட்டில் இரண்டும் பூசணிதான், ஒன்றுக்கு மட்டும் முன்னால் மஞ்சள் என்று சேர்த்துக்கொள்வோம். அறுபது கிலோமீட்டர் தாண்டி வந்ததில் அந்தக் காய் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. சரி, பயங்கரமாகத்தானே இருக்கிறது, அமெரிக்காவிலிருந்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "இதை உடைக்கிறது இல்லண்ணா. ஹாலோவீனில் பூசணியை மேடைப்படியில் வைக்கணும், அவ்வளவுதான்," என்றேன். அவருக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. திருஷ்டி கழிக்கிற பூசணியை உடைக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். 

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தொன்பது பேர் பேய்கள். வெள்ளை உடையில் வரவேண்டும் என்று சுற்றறிக்கை போட்டிருந்தேன். பேய்கள் எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, நெற்றியில் திருநீறு பூசி வந்தன. ஒரு பேயின் போர்வைக்கு அதன் அம்மா சரிகை பார்டர் வைத்துத் தைத்திருந்தார். இரண்டு பேய்கள் மல்லிகைப்பூ வைத்திருந்தன. அவர்களை வரிசையில் நிறுத்திக் கடைசியாக ஒரு தடவை சொன்னேன்: "நல்லமுத்து அண்ணன் முதல் பூசணியை எடுத்து என்ன செய்யறாரோ, அதைப் பார்த்து அப்படியே ஒவ்வொருத்தரா செய்யணும். வரிசை எண்படி. கேள்வி கேட்கக் கூடாது."

கேட்கவும் மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதற்கும், ஏன் என்று கேட்காமல் இருப்பதற்கும்தானே எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பெற்றோர் அவ்வளவு பணம் கட்டுகிறார்கள்.

நான்கு மணிக்கு அரங்கம் நிறைந்தது. முன்வரிசையில் தாளாளர், பக்கத்தில் அவருடைய அப்பா நாச்சிமுத்து ஐயா. எண்பது வயதுக்கு மேல், காது கொஞ்சம் மந்தம், வெள்ளை வேட்டி, கைத்தடி. பள்ளிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பெயர் வைத்ததோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. தாளாளர் அப்பா மேல் உள்ள பாசத்தில் நுழைவாயிலில் அவருக்கு மார்பளவுச் சிலையும் வைத்துவிட்டார். ஆயுத பூசைக்குப் போட்ட மாலை அதன் கழுத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சிலையைத் தாண்டித்தான் என் அப்பா உள்ளே வந்தார்.

அப்பா அம்மாபேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள் என்பதால் என்னை ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தார். கையில் துணிப்பை, பைக்குள் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையும் மெழுகுவர்த்திக் கட்டும். ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். தாளாளர் விடவில்லை.

"மிஸ்ஸோட அப்பாங்களா? வாங்க, வாங்க. உங்க பண்டிகை, நீங்க கீழ நின்னா எப்படீங்க? மேடைக்கு வந்து ரெண்டு வார்த்த பேசோணும்."

படியேறும்போது அப்பா என் காதருகில் கேட்டார். "என்னம்மா விசேஷம் இது?"

எப்படி விளக்குவது? "நம்ம ரெண்டாம் தேதி மாதிரிதான்ப்பா. சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க," என்றேன்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். வெள்ளை உடுத்திய பிள்ளைகள், மேடை விளிம்பில் மெழுகுவர்த்திகள். வாசலில் மாலை போட்ட சிலையையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். (செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாராம், பிறகு தெரிந்தது.) அவருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. போதாததற்கு அவர் கையில் மைக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பேசுவதற்கு மைக் கட்டியே காலம் கழித்த மனிதர். இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அன்பானவர்களே. இன்று நாம் கூடியிருப்பது ஒரு துக்கமான வேளை என்றாலும், நம்பிக்கையான வேளை. இந்தக் கல்விக்கூடம் உருவாகக் காரணமாக இருந்து, இன்று நம்மையெல்லாம் விட்டுப் பிரிந்து சென்றுவிட்ட பெரியவர் நாச்சிமுத்து ஐயா அவர்களின் ஆன்மா சாந்தி அடைய, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாகச் செபிப்போம்."

மைக்கில் எழுந்திரு என்று சொன்னால் எங்கள் பெற்றோர்கள் எழுந்துவிடுவார்கள். பழக்கம். மொத்த அரங்கமும் எழுந்தது. எல்லோரும் எழுவதைப் பார்த்து நாச்சிமுத்து ஐயாவும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். கண்ணை மூடிக் கைகூப்பித் தனக்குத் தானே மௌன அஞ்சலி செலுத்தினார்.

 தாளாளரின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அப்பா மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நொடிகூடக் குறைக்காமல் அந்த நிமிடத்தை முழுசாக முடித்தார். அமைதி கலைந்ததும் நாச்சிமுத்து ஐயா மகனிடம் கேட்ட கேள்வி கடைசி வரிசை வரை கேட்டது.

"ஏஞ்சாமி, ஆரு செத்துப்போனது?"

 பதிலாக நல்லமுத்து அண்ணன் ஓடினார். உயிரோடிருக்கும் மனிதருக்கு இவ்வளவு பெரிய அபசகுனம் நடந்துவிட்டது, கையெட்டும் தூரத்தில் முப்பது திருஷ்டிப் பூசணி தயாராக இருக்கிறது. அவர் வேறென்ன செய்வார்? முதல் காயைத் தூக்கினார், கற்பூரத்தைப் பற்றவைத்தார். ஐயாவை இடம் மூன்று, வலம் மூன்று சுற்றி, காலடியில் ஓங்கி அடித்தார். குங்குமத் தண்ணீர் நான்கு வரிசைக்குத் தெறித்தது.

பேய்கள் இதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

வரிசை எண் ஒன்று, மேசையிலிருந்து காயை எடுத்தது. தூக்க முடியாமல் தூக்கி வந்து, ஐயாவின் காலடியில் போட்டது. வரிசை எண் இரண்டு வந்தது. நான் "நிறுத்துங்க" என்று கத்தியதாக நினைவு. ஆனால் கேள்வி கேட்காத பிள்ளைகள் இடையில் சொல்வதையும் கேட்க மாட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து. வெள்ளை உடையெல்லாம் சிவப்பு. சரிகை பார்டர் சிவப்பு. மகளைக் காப்பாற்ற ஓடிவந்த ஓர் அம்மா பூசணிச் சோற்றில் வழுக்கி உட்கார்ந்தார். அவரைத் தூக்கப் போன தாளாளர் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உலகத்தில் எந்த நாட்டிலும் எந்தப் பள்ளியிலும் இவ்வளவு தத்ரூபமான ஹாலோவீன் நடந்திருக்காது. அந்தக் குழப்பத்திலும் அப்பா என்னிடம் மைக்கை ஒப்படைத்துவிட்டு, "நல்ல சவுண்டு செட்டும்மா, எக்கோ இல்ல," என்றார்.

விசாரணை தாளாளர் அறையில் நடந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை முதுகுப்பக்கம் முழுக்கச் சிவப்பு.

"ஏனுங்க மிஸ், உங்க ஊட்டுல வருசா வருசம் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா திறந்துவிட்டார். "எங்க வீட்லயா? எதுங்க?" தாளாளர் விளக்கினார். அம்மா பூசணியில் முகம் வெட்டுவது வரைக்கும் சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. இந்தப் பேரையே நான் இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்." எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அப்பா முன்னால் பொய்க்காரியாக நின்றதுதான் அந்த நாளிலேயே பெரிய வலி. பூசணிகூட அப்புறம்தான்.

"அப்ப நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க," என்றார் தாளாளர்.

என் கையில் அறைச் சாவி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதுவரை மூலையில் மோர் குடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து ஐயா தலையை நிமிர்த்தினார். நடந்ததை யாரோ அவர் காதில் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். "அவுங்கள அனுப்பிப்போட்டீன்னா, வேண்டுனது அப்படியே நெலச்சுப்போயிருமில்ல? வேண்டுனவிய இருந்தாத்தான மாத்தி வேண்ட முடியும்? ஏனுங்க, மாத்தி வேண்டறதுக்கு உங்கள்ள வழியிருக்குதுங்களா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வேண்டினதத் திருப்பி எடுக்கற செபம் இல்லீங்க. ஆனா உங்க சுகத்துக்காக எங்க மாதா கோயில்ல ஒரு பூசை வைக்கலாம். வேணும்னா வருஷா வருஷம் வைக்கலாம்."

"அப்பறமென்ன. அந்தப் புள்ள இருக்கட்டும்."

தாளாளர் வேண்டாவெறுப்பாக என்னைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த நிரந்தரப் பணி ஆணை. "எங்கப்பா இருக்கற வரைக்கும் நீங்க இருக்கலாமுங்க."

ஓர் ஆசிரியையின் வேலை, எண்பது வயதைக் கடந்த ஒருவரின் மூச்சில் தொங்கினால் அவள் என்ன செய்வாள்? தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லி, முகத்தின் நிறத்தைப் பார்ப்பேன். இருமினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆண்டு விழாவில் அவர் மூன்றாவது வடையை எடுக்கக் கையை நீட்டியபோது தட்டையே நகர்த்தியிருக்கிறேன். மற்ற ஆசிரியைகள் இதைப் பாசம் என்று நினைத்தார்கள். முதல் இரண்டு வருடம் அது வெறும் பயம். அப்புறம் எப்போது பாசமானது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருசமும் உங்கப்பன் வேண்டுனது பலிக்கலீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பொக்கை வாயால் சிரிப்பார். தொண்ணூறையும் தாண்டினார்.

ஹாலோவீன் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அடுத்த வருடம் பெற்றோர் சிலர் அலுவலகத்தில் வந்து, பூசணிக்காய் உடைக்கும் விழா எப்போது என்று கேட்டார்கள். அட்மிஷன் வரும் என்றால் தாளாளர் எதையும் செய்வார். இன்றும் ஒவ்வோர் அக்டோபர் முப்பத்தொன்றிலும் எல்லாப் பேருந்துகளுக்கும் பூசணி உடைக்கிறோம். ஆண்டு மலரில் அதைத் தொன்றுதொட்டு வரும் மரபு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது நான்தான்.

நாச்சிமுத்து ஐயா ஒரு புரட்டாசி மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வேலையைப் பற்றிய நினைப்பு மூன்றாம் நாள்தான் எனக்கு வந்தது, அதுவரை அழுதுகொண்டிருந்தேன். தாளாளரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில், அம்மாபேட்டையில் இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிக்கும் பொறுப்பு வழக்கம்போல அப்பாவுடையது. நாமக்கல்லில் பட்ட அடிக்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒவ்வொரு பெயரை வாசிப்பதற்கு முன்னும் நிமிர்ந்து கூட்டத்தை ஒரு தடவை நன்றாகப் பார்ப்பார். அன்றைக்கு, நான் பட்டியலில் எழுதிச் சேர்த்திருந்த "நாச்சிமுத்து ஐயா" என்ற பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு கூட்டத்தை வரிசை வரிசையாகத் தேடினார். மொத்தக் கல்லறைத் தோட்டமும் அவருக்காகக் காத்திருந்தது. அப்போது பின்னால் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் தாளாளர். யாரிடமும் சொல்லாமல் கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு வந்து நின்றிருந்தார்.

"படியுங்க. இந்த வாட்டி நெசந்தானுங்க."

அப்பா படித்தார். உடனே மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், என் பையன் வகுப்பில் முதல் ரேங்க் என்றாலும், சித்தப்பா தாத்தா கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாலும், மற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "இந்த வாட்டி நெசந்தானுங்களா?" கேட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.